பல மரக்காற்றுத் தனிக்கலைஞர்களுக்கான கான்செர்டோவை மேடையேற்றுவது எப்படி: பிரிட்டனிலுள்ள அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராக்களுக்கு ஒரு வழிகாட்டி

கான்செர்டோ, அதாவது தனிக்கலைஞரை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ரா உடன் வாசிக்கும் படைப்பு, பியானோவுக்கோ வயலினுக்கோ எழுதப்பட்டது என்றால் ஒரு தனிக்கலைஞரோடு பேசி, ஓர் ஒப்பந்தம் எழுதி, ஒத்திகைத் தேதிகளைக் குறித்தால் நிர்வாகக் குழுவின் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன் என்று மரக்காற்று வாத்தியங்களை (ஊதி வாசிக்கும் மரக்குழல் வகைக் கருவிகளை) வாசிக்கும் மூன்று நான்கு பேர் ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் நிற்கும் கான்செர்டோவுக்கு வேலை அத்தனை மடங்கு பெருகுகிறது. நான்கு பேரின் தேதிகள் ஒத்துவர வேண்டும், நான்கு கருவிகளின் சுருதி ஒத்துவர வேண்டும், ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்ற மூவரின் உழைப்பும் சேர்ந்து நின்றுவிடும். இங்கிலாந்தில் ஒரு சிறிய அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவின் செயலாளராக இப்படியொரு நிகழ்ச்சியை நடத்தி முடிக்கப் பெரும்பாடு பட்டதால், அடுத்து வருபவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் பள்ளியில் ஃப்ளூட்டோ கிளாரினெட்டோ கற்று உள்ளூர் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்ததால், தாமும் அதன் நிர்வாகக் குழுவுக்குள் வந்துசேர்ந்த தமிழ்ப் பெற்றோரையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு உரியது. கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறுவதால், எந்தக் கட்டணம் எதைப் பொறுத்து அமைகிறது என்பதைச் சொல்கிறேன். தொகையை நீங்கள் விண்ணப்பிக்கும் வாரத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

1. படைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆட்களை எண்ணுங்கள்

அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராக்கள் இத்தகைய கான்செர்டோவை நாடுவதற்கு முதற்காரணம், தங்கள் மரக்காற்றுப் பிரிவின் முதன்மைக் கலைஞர்களையே முன்னால் நிறுத்திப் பெருமைப்படுத்தலாம் என்பதுதான். நல்ல எண்ணம்தான். ஆனால் அவர்கள் முன்னால் போய்விட்டால் அவர்களுடைய நாற்காலிகளில் யார் உட்கார்ந்து வாசிப்பார்கள் என்ற கேள்வியைப் பெரும்பாலான குழுக்கள் படைப்பை அறிவித்த பிறகே கேட்கின்றன.

மொசார்ட்டின் பெயரால் வழங்கும் ஈ-ஃப்ளாட் சிம்ஃபோனியா கான்செர்டான்டேயை, அதாவது கோஷெல் 297பி என்ற எண்ணுள்ள படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸ்ஸூன் ஆகிய நான்கும் தனிக்கருவிகள். ஹார்ன் மரக்காற்று வாத்தியம் அல்ல என்றாலும் இந்த வகையில் அதிகம் நாடப்படுவது இந்தப் படைப்புதான். பின்னால் உள்ள ஆர்கெஸ்ட்ராவில் தந்தி வாத்தியங்களோடு 2 ஓபோக்களும் 2 ஹார்ன்களும் இருக்கின்றன. ஆகவே உங்களுக்கு மொத்தம் 3 ஓபோ கலைஞர்களும் 3 ஹார்ன் கலைஞர்களும் தேவை. சிறிய ஊர் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாவது ஓபோவுக்கே ஆள் தேட வேண்டியிருக்கும்போது மூன்றாவது ஆளைக் கூலிக்குத்தான் அழைக்க வேண்டும். அந்தக் கூலி ஒத்திகைகளுக்கும் சேர்த்து வரும்.

இந்தச் சிக்கல் வராத படைப்புகளும் இருக்கின்றன. விவால்டியின் படைப்புப் பட்டியலில் ஆர்வி 559, ஆர்வி 560 என்ற எண்ணுள்ள இரண்டும் இரண்டு ஓபோ, இரண்டு கிளாரினெட் தனிக்கலைஞர்களுக்கானவை. பின்னால் தந்தி வாத்தியங்களும் கன்டினுவோவும் (ஹார்ப்சிகார்ட் போன்றவை தரும் அடிச்சுரத் துணையும்) மட்டுமே. கிளாரினெட் பகுதிகள் சி-கிளாரினெட்டுக்கு எழுதப்பட்டவை என்பதையும், உங்கள் கலைஞர்களிடம் பெரும்பாலும் பி-ஃப்ளாட், ஏ கருவிகளே இருக்கும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1947இல் எழுதிய டூயட்-கான்செர்டினோவில் கிளாரினெட்டும் பஸ்ஸூனும் தனிக்கருவிகள். உடன் வருபவை தந்தி வாத்தியங்களும் ஒரு ஹார்ப்பும். பவுல் ஹிண்டெமித் 1949இல் எழுதிய மரக்காற்று, ஹார்ப், ஆர்கெஸ்ட்ராவுக்கான கான்செர்டோவில் ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன், ஹார்ப் என்று ஐந்து பேர் முன்னால் அமர, பித்தளை வாத்தியங்களும் தந்தி வாத்தியங்களும் பின்னால் இருக்கின்றன. இரண்டு தனிக்கலைஞர்களோடு தொடங்க விரும்பினால் சிமரோசா இரண்டு ஃப்ளூட்டுகளுக்கு எழுதிய ஜி-மேஜர் கான்செர்டோவையும், க்ரோமர் இரண்டு கிளாரினெட்டுகளுக்கு எழுதிய ஓபஸ் 35ஐயும் பாருங்கள். முதன்முறை முயல்பவர்களுக்கு நான் சொல்வது க்ரோமரைத்தான். கலைஞர்கள் மகிழ்ந்து வாசிக்கும் இசை அது, அரங்கில் உள்ளவர்களும் முதல் கேட்பிலேயே அதில் ஒன்றிவிடுவார்கள்.

ஹார்ப் உள்ள படைப்பு என்றால் தனியாக ஒரு செலவுக் கணக்கு எழுதுங்கள். முழு அளவுப் பெடல் ஹார்ப்பில் 47 தந்திகளும் 7 பெடல்களும் இருக்கின்றன. அதை ஏற்றிவரப் பெரிய வண்டி வேண்டும். அரங்க வாசலில் எத்தனை படிகள், சரிவுப்பாதை உண்டா என்பதைக் கலைஞர் கேட்பதற்கு முன் நீங்களே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். சுருதி சேர்க்க அரங்கம் அமைதியாக இருக்கும் அரைமணி நேரமாவது அவருக்குத் தேவைப்படும். அரங்க வாடகையில் அந்த நேரமும் அடங்கியிருக்க வேண்டும்.

2. பதிப்புரிமை நிலையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

செலவைத் தீர்மானிக்கும் முதல் ஆவணம் இது. பிரிட்டனில் இசைப் படைப்பின் பதிப்புரிமை, படைத்தவர் இறந்த ஆண்டின் இறுதியிலிருந்து 70 ஆண்டுகள் நீடிக்கிறது. ஸ்ட்ராஸ் 1949 செப்டம்பரில் இறந்தார்; எனவே அவருடைய படைப்புகள் 2020 ஜனவரி 1 முதல் இங்கே பொதுவுடைமை (பதிப்புரிமை தீர்ந்து யாரும் பயன்படுத்தலாம் என்ற நிலை). ஹிண்டெமித் இறந்தது 1963 டிசம்பர் 28. ஆகவே 2033 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன் நான்குக்கும் 1935இல் கான்செர்டோ எழுதிய ஜான் ஃப்ரான்ஸே 1997இல் மறைந்தார். அவருக்கு 2067 முடியும்வரை.

இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 60 ஆண்டுகள் என்பதால் ஹிண்டெமித் அங்கே 2024 முதலே பொதுவுடைமை. அமெரிக்காவில் 1930கள், 1940களின் படைப்புகளுக்கு வெளியீட்டு ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்று எண்ணுகிறார்கள். அதே நிகழ்ச்சியைச் சென்னையிலோ நியூயார்க்கிலோ மீண்டும் நடத்தத் திட்டமிருந்தால், இங்கே செய்த கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இதில் ஒரு பொறி உண்டு, பலர் அதில் விழுகிறார்கள். மொசார்ட் 1791இல் இறந்தவர், எனவே எல்லாம் இலவசம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 297பியின் இரு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. மொசார்ட் 1778இல் பாரிஸில் ஃப்ளூட், ஓபோ, ஹார்ன், பஸ்ஸூன் நான்குக்கும் எழுதியதாக அவருடைய கடிதங்களால் தெரியவரும் மூலம் தொலைந்துவிட்டது. கிளாரினெட்டுடன் கூடிய வடிவம் 19ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றின் வழியாக வந்தது. ஃப்ளூட்டுடன் இப்போது வாசிக்கப்படுவது பெரும்பாலும் ராபர்ட் லெவின் மறுஉருவாக்கம் செய்த வடிவம். அவர் நம் காலத்தவர். அவருடைய உழைப்புக்கு உரிமை உண்டு. உங்கள் குழுவில் நல்ல ஃப்ளூட் கலைஞர் இருக்கிறார் என்பதற்காக அந்த வடிவத்துக்கு மாறும்போது இலவசப் படைப்பு கட்டணப் படைப்பாகிவிடுகிறது.

பழைய இசைக்குப் புதிய பதிப்பு தயாரித்தவரின் உரிமையும் அப்படியே. சாக்கின்ஸ் எதிர் ஹைப்பீரியன் வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் அந்த உரிமையை உறுதிசெய்தது. அச்சுப் பக்கத்தின் அமைப்புக்கும் வெளியான ஆண்டின் இறுதியிலிருந்து 25 ஆண்டுகள் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு செட் பார்ட்டுகளை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனித்தனி இசைத்தாள்களை, வாங்கி இன்னொரு ஆர்கெஸ்ட்ராவுக்கு நகலெடுத்துக் கொடுப்பது, உள்ளே இருப்பது மொசார்ட்டாகவே இருந்தாலும், சட்டப்படி கூடாது.

3. பார்ட்டுகளைப் பெறுதல்: இறக்குவதா, வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

பொதுவுடைமைப் படைப்புகளின் பழைய பதிப்புகள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைத்தாள் நூலகத்தில் கிடைக்கின்றன. காசு மிச்சம்தான். ஆனால் பழைய பார்ட்டுகளில் பலவற்றில் அளவெண்கள் (இசையின் ஒவ்வொரு அளவுக்கும், அதாவது பாருக்கும், உரிய எண்) இருக்காது, ஒத்திகை எழுத்துகள் ஸ்கோரில் (நடத்துநரின் முழு இசைத்தாளில்) ஓரிடத்திலும் பார்ட்டில் வேறிடத்திலும் இருக்கும், பக்கம் திருப்ப வேண்டிய இடம் வேகமான பத்தியின் நடுவே வரும். அவற்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால், எல்லாப் பார்ட்டுகளிலும் அளவெண்களைக் கையால் எழுதிச் சரிபார்க்க ஒருவரை முன்கூட்டியே அமர்த்துங்கள். இல்லாவிட்டால் முதல் ஒத்திகையின் பாதி, "எங்கிருந்து?" என்று கேட்பதிலேயே போய்விடும். நல்ல நவீனப் பதிப்பு விற்பனைக்கு இருந்தால் அதை வாங்குவதே என் பரிந்துரை. வாங்கிய செட் ஆர்கெஸ்ட்ராவின் சொத்தாக நிற்கும்.

ஹிண்டெமித், ஃப்ரான்ஸே இருவரின் படைப்புகளுக்கும் பதிப்பகம் ஷாட். ஸ்ட்ராஸின் டூயட்-கான்செர்டினோவுக்கு பூசி அண்ட் ஹாக்ஸ். இந்த வகை 20ஆம் நூற்றாண்டுப் படைப்புகளின் ஆர்கெஸ்ட்ராப் பார்ட்டுகளைப் பொதுவாகக் கடையில் வாங்க முடியாது. பதிப்பகத்தின் வாடகை நூலகத்திலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்துத் திருப்பித் தர வேண்டும். ஸ்ட்ராஸின் பதிப்புரிமை இங்கே முடிந்துவிட்டது என்றாலும் அச்சிட்ட பார்ட்டுகள் பதிப்பகத்தின் கையில்தான் இருக்கின்றன. நிகழ்த்துரிமைக் கட்டணம் இல்லை, காகிதங்களுக்கு வாடகை உண்டு என்ற இந்த நிலையைப் பொருளாளருக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

வாடகைக்கு விலை கேட்டு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே படைப்பின் முழுப்பெயர், நிகழ்ச்சித் தேதி, எத்தனை முறை நிகழ்த்தப்படும், அரங்கம், ஆர்கெஸ்ட்ரா அமெச்சூரா தொழில்முறையா, ஒவ்வொரு தந்திப் பிரிவிலும் எத்தனை டெஸ்க் (இருவர் ஒரே இசைத்தாளைப் பகிரும் இடம்) என்பதற்கேற்ப எத்தனை பார்ட் வேண்டும், எந்தத் தேதிக்குள் கையில் வர வேண்டும், நிகழ்ச்சியைப் பதிவு செய்வீர்களா ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். ஒன்று விட்டுப்போனால் பதில் கேள்வியாகத் திரும்பி வரும், ஒரு வாரம் போகும். பதினைந்து இருபது நிமிடப் படைப்புக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு ஆகும் என்று எதிர்பார்த்தே வரவு செலவைப் போடுங்கள். அந்த விலைக்கு மேல் வாட் என்னும் விற்பனை வரியோ அஞ்சல் செலவோ வருமா என்று கேளுங்கள்.

வாடகைக் காலம் இன்னொரு பொறி. வழக்கமான வாடகை நிகழ்ச்சிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொடங்கும். வாரம் ஒருமுறை மட்டும் கூடும் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவுக்கு அது போதாது. ஒரு பருவம் முழுவதும் வேண்டும் என்றால் கூடுதல் வாடகை எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு ஒப்புக்கொள்ளுங்கள். தனிக்கலைஞர்களுக்கு அதற்கும் முன்பே அவர்களுடைய பார்ட் தேவை. சில படைப்புகளுக்குத் தனிப் பார்ட்டுகளும் பியானோ சுருக்கமும் (ஆர்கெஸ்ட்ராவின் பகுதியைப் பியானோவுக்கு மாற்றி எழுதியதும்) விற்பனைக்குக் கிடைப்பதால் அவற்றை ஆறு மாதம் முன்பே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

4. நிகழ்த்துரிமையும் பதிவுரிமையும் வேறுவேறு

பார்ட்டுகளை வாடகைக்கு எடுத்துவிட்டோம், எனவே மேடையில் வாசிக்கும் உரிமையும் வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். வாடகை காகிதத்துக்கு, பொது மேடையில் நிகழ்த்தும் உரிமம், படைப்பாளர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் பிஆர்எஸ் அமைப்பிடமிருந்து வருகிறது. பதிப்புரிமை உள்ள இசை நிகழ்ச்சியில் எவ்வளவு பங்கு வகிக்கிறது, டிக்கெட் வருவாய் எவ்வளவு என்பவற்றைப் பொறுத்துக் கட்டணம் அமையும்.

அரங்கத்தின் உரிமத்தில் உங்கள் நிகழ்ச்சி அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெச்சூர் நிகழ்ச்சிகளில் பல தேவாலயங்களில் நடக்கின்றன. தேவாலயத்தின் உரிமம் அதன் சொந்த நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே என்றும், வாடகைக்கு எடுப்பவர் தாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றும் இருக்கலாம். "எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை வைத்து நகராதீர்கள்.

பதிவு செய்வதும் இணையத்தில் நேரலை விடுவதும் தனித்தனி அனுமதிகள். பதிப்பகத்தின் வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். பதிவுக்குக் கூடுதல் கட்டணம் என்ற வரி அதில் பெரும்பாலும் இருக்கும். பிள்ளை வாசிப்பதைப் பெற்றோர் கைபேசியில் பிடித்து யூடியூபில் ஏற்றுவதும் இதற்குள் வரக்கூடும் என்பதால், என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதை நிகழ்ச்சி ஏட்டில் ஒரு வரியாக அச்சிட்டுவிடுங்கள். அமெச்சூர் குழுக்களுக்கான மேக்கிங் மியூசிக் அமைப்பில் உறுப்பினராக இருந்தால் இவற்றுக்கெல்லாம் வழிகாட்டுதலும், அரங்கம் கேட்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் கிடைக்கும். சிறிய குழுக்கள் சேர்ந்துகொள்வது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

5. தனிக்கலைஞர்களோடு எழுத்தில் ஒப்பந்தம்

சொந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். தேதிகள், நேரங்கள், எந்தப் பதிப்பு, எந்தச் சுருதி, கூலி உண்டா, பயணச் செலவு யாருடையது, ரத்தானால் என்ன என்பன அதில் இருக்கட்டும். நால்வரில் ஒருவருக்கு உடல்நலம் குன்றும் வாய்ப்பு, ஒருவர் மட்டும் வாசிக்கும் கான்செர்டோவில் இருப்பதைவிட அதிகம். 297பியை மூன்று பேரால் வாசிக்க இயலாது. ஒவ்வொரு கருவிக்கும் மாற்றுக் கலைஞர் ஒருவரின் ஒப்புதலை முன்பே பெற்றுவிடுங்கள். அந்த மாற்றுக் கலைஞருக்கும் பார்ட்டை அனுப்பிவையுங்கள். தொழில்முறைக் கலைஞர்களுக்கான பேச்சைத் தொடங்க மியூசிஷியன்ஸ் யூனியன் வெளியிடும் கட்டண அட்டவணை உதவும்.

வெளிநாட்டிலிருந்து ஒருவரை அழைத்தால் விசா வகையை நன்றாகப் பாருங்கள். தொழில்முறைக் கலைஞர் அழைப்பின்பேரில் வந்து ஊதியம் பெற்று வாசிப்பதற்கு, ஸ்டாண்டர்ட் விசிட்டர் விதிகளுக்குள் அனுமதிக்கப்பட்ட ஊதியப் பணி என்ற ஏற்பாடு இருக்கிறது. அவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். பணி புறப்படும் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். வந்து சேர்ந்த 30 நாட்களுக்குள் அது முடிய வேண்டும். உங்கள் ஆர்கெஸ்ட்ராவின் முகப்புத்தாளில் தேதி, இடம், படைப்பு, ஊதியம் ஆகியவற்றைக் குறித்த அழைப்புக் கடிதம் அவசியம். இந்தியக் குடியுரிமை உள்ளவர் முன்கூட்டியே விசா பெற்றாக வேண்டும். பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம், முடிவு வரப் பொதுவாக 3 வாரம். அயர்லாந்து நீங்கலாக ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் இடிஏ என்ற மின்னணு அனுமதி தேவைப்படுகிறது.

தனிக்கலைஞர் பள்ளி வயதுப் பிள்ளையாக இருந்தால், பெற்றோர் சம்மதம் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நிகழ்ச்சிக்காகப் பள்ளிக்கு விடுப்பு எடுத்தாலோ, வாசிப்புக்குப் பணம் கொடுத்தாலோ, கடந்த ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை ஏற்கெனவே மூன்று நாட்கள் மேடையேறியிருந்தாலோ, உள்ளாட்சி மன்றத்திடம் சிறுவர் நிகழ்த்து உரிமம் வாங்க வேண்டியிருக்கும். நிகழ்ச்சிக்கு 21 நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பித்தால் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. விண்ணப்பிக்க வேண்டியவர் நிகழ்ச்சியை நடத்துபவர், அதாவது நீங்கள்.

6. கருவிகளை எல்லை தாண்டிக் கொண்டுவருதல்

ஓபோவும் கிளாரினெட்டும் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரம் என்னும் கிரனடில்லாவால் செய்யப்படுகின்றன. அந்த மரம் 2017 ஜனவரி 2 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. முழுமையாகச் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு வந்துவிட்டதால், சாதாரணக் கிளாரினெட்டுக்கு இப்போது அந்த ஒப்பந்தத்தின்படியான அனுமதி ஆவணம் தேவையில்லை. 2017க்கும் 2019க்கும் இடையில் எழுதப்பட்ட ஆலோசனைகள் இன்னும் இணையத்தில் உலவுகின்றன. தேதி பார்த்துப் படியுங்கள்.

பழைய கருவிகளின் நிலை வேறு. பிரேசிலிய ரோஸ்வுட் முதல் பட்டியலில் உள்ளது, அதற்கு அந்த விலக்கு பொருந்தாது. பழைய பஸ்ஸூன்களின் மேல்முனை வளையம் சிலவற்றில் யானைத் தந்தத்தால் ஆனது, அதற்கும் பொருந்தாது. உங்கள் பஸ்ஸூன் கலைஞரிடம் அந்த வெள்ளை வளையம் எதனால் ஆனது என்று கேட்டு, தந்தம் அல்ல என்றால் செய்தவரிடமோ பழுதுபார்ப்பவரிடமோ ஒரு கடிதம் வாங்கி உறையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். தந்தம்தான் என்றால் இசைக்கருவிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது 3 ஆண்டுகள் வரை செல்லும். குறிப்பிட்ட விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மட்டுமே அதைக் காட்டிப் போகலாம்.

ஓபோ, பஸ்ஸூன் கலைஞர்கள் தங்கள் ரீடை (ஊதும் முனையில் அதிரும் நாணல் பட்டையை) தாங்களே செதுக்குபவர்கள். செதுக்கும் கத்தி கைப்பையில் இருந்தால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகலாம். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் கத்தி இல்லாமல் வந்து இறங்கும் ஓபோ கலைஞரின் பதற்றம் ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் தொற்றும். கத்தி சரக்குப் பெட்டியில், கருவி கையில் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

7. சுருதியும் அரங்கத்தின் வெப்பமும்

இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தனிக்கலைஞர் பலராக இருக்கும்போது சுருதிதான் எல்லாவற்றையும் ஆக்கும் அல்லது கெடுக்கும். பிரிட்டனில் ஏ சுரம் வழக்கமாக 440 ஹெர்ட்ஸ். ஜெர்மனி போன்ற நாடுகளின் ஆர்கெஸ்ட்ராக்கள் 442, 443 என்று சற்று மேலே வைக்கின்றன. வயலின் கலைஞர் தந்தியை முறுக்கி எந்தச் சுருதிக்கும் வந்துவிடுவார். காற்றுக் கருவியில் குழாயின் நீளமே சுருதி. கருவியின் இணைப்பைச் சற்று வெளியே இழுத்துச் சுருதியை ஓரளவு இறக்கலாம், ஏற்றுவதற்கு மிகக் குறைந்த இடமே உண்டு, அளவுக்கு மீறி இழுத்தால் சுரங்களுக்குள் உள்ள ஒழுங்கும் குலையும். ஆகவே எந்தச் சுருதி என்பதை ஆறு மாதம் முன்பே முடிவுசெய்து எல்லோருக்கும் எழுதுங்கள்.

வெப்பம் இதைவிட முக்கியம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் குழாய்க்குள் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட். ஊதுபவரின் மூச்சு கருவியைச் சூடாக்குவதால் நடைமுறையில் வேறுபாடு இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் 14 டிகிரியில் உள்ள கல் தேவாலயத்தில், வாசிக்காமல் காத்திருக்கும் கிளாரினெட் இறங்கிக்கொண்டே போவதை யாரும் கேட்கலாம். தந்திகள் குளிரில் இறுகி ஏறுவதால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகுகின்றன. மெதுவான பகுதியில் நீண்ட ஓய்வுக்குப் பின் பஸ்ஸூன் தனியாக நுழையும் இடத்தில் இந்த விலகல் அப்படியே வெளியே தெரியும். அரங்க வாடகை ஒப்பந்தத்தில் சூடாக்கி எத்தனை மணிக்குப் போடப்படும் என்று எழுதி வாங்குங்கள். ஒத்திகைக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது போட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்றாலும் கொடுத்துவிடுங்கள். ஓய்வு அளவுகளில் ஓசையில்லாமல் கருவிக்குள் ஊதிச் சூடாக வைத்திருக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். குளிரிலிருந்து வந்தவுடன் புதிய ஓபோவை முழு மூச்சில் ஊதினால் மரத்தில் வெடிப்பு விழக்கூடும்.

ரீட் விஷயத்தில், நாகஸ்வரக் கலைஞர் பல சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டுக்கொள்வதைப் போலவே, ஓபோ, பஸ்ஸூன் கலைஞர்களிடமும் அந்த அரங்கத்திலேயே வாசித்துப் பார்த்த மூன்று நான்கு ரீடுகளாவது இருக்க வேண்டும். வீட்டில் நன்றாகப் பேசிய ரீட் ஈரமான கல் அரங்கத்தில் பேசாமல் போகும்.

8. ஒத்திகையும் மேடை அமைப்பும்

தனிக்கலைஞர்கள் முதலில் தங்களுக்குள், பிறகு பியானோவோடு, அதன்பிறகே ஆர்கெஸ்ட்ராவோடு என்ற வரிசையை விடாதீர்கள். 297பியின் முதல் பகுதியில் நால்வருக்கும் சேர்த்து எழுதப்பட்ட கடென்ஸா, அதாவது ஆர்கெஸ்ட்ரா நின்றுவிடத் தனிக்கலைஞர்கள் மட்டும் வாசிக்கும் பத்தி, இருக்கிறது. அங்கே இசை நடத்துநர் கையை இறக்கிவிடுவார். நால்வரும் ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்தே செல்ல வேண்டும். எனவே ஒருவரையொருவர் பார்க்கும்படி வளைந்த வரிசையில் நிற்க வேண்டும், ஸ்டாண்டுகள் மார்புக்குக் கீழே இருக்க வேண்டும். ஹார்னின் வாய் பின்பக்கம் பார்ப்பதால் அது யாருடைய காதுக்கு நேரே வருகிறது என்று பார்த்து நிறுத்துங்கள்.

அதன் கடைசிப் பகுதி பத்து மாறுபாடுகளைக் கொண்டது; மாறுபாடுகளுக்கு இடையே ஆர்கெஸ்ட்ராவின் ஒரே சிறு பத்தி திரும்பத் திரும்ப வருகிறது. தந்திக் கலைஞர்கள் அதை எளிது என்று எண்ணிக் கவனம் குறைப்பார்கள். எத்தனையாவது மாறுபாட்டில் இருக்கிறோம் என்பதைத் தவறவிட்டால், முடிவில் வரும் மெதுவான பத்தியில் ஒருவர் மட்டும் பழைய வேகத்தில் தொடர்வார். பார்ட்டுகளில் மாறுபாட்டு எண்களைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

சமநிலை பெரிதும் பஸ்ஸூனைப் பொறுத்தது. அதன் நடுப்பகுதிச் சுரங்கள் செல்லோக்கள் இயங்கும் அதே எல்லையில் இருப்பதால் எளிதில் மூழ்கிவிடும். தனிக்கலைஞரை உரக்க வாசிக்கச் சொல்வதைவிட, அந்த இடங்களில் தந்திப் பிரிவின் பின் டெஸ்க்குகளை நிறுத்திவிடுவது நல்லது. எந்த அளவிலிருந்து எந்த அளவுவரை என்று பார்ட்டில் குறித்துவிடுங்கள். ஹிண்டெமித்தின் கடைசிப் பகுதியில் மற்றவர்கள் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது கிளாரினெட் மெண்டெல்சனின் திருமண அணிவகுப்பு இசையைத் துண்டுதுண்டாக உள்ளே நுழைக்கிறது. முதல் நிகழ்த்தல் நடந்த 1949 மே 15, ஹிண்டெமித் தம்பதியின் வெள்ளி விழாத் திருமண நாள். மனைவிக்கென அவர் ஒளித்துவைத்த பரிசு அது. அது கேட்கவில்லை என்றால் அந்தப் பகுதியின் இதயமே போய்விடும் என்று நான் நம்புகிறேன். மற்ற தனிக்கலைஞர்களுக்கு அந்த அளவுகளைக் காட்டி, ஒலியைக் குறைக்கச் சொல்லி, ஒருமுறை கிளாரினெட்டை மட்டும் தனியாக வாசிக்கவைத்து எல்லோரையும் கேட்கச் செய்யுங்கள். அதன்பின் அவர்களே இடம் விடுவார்கள்.

வாடகைப் பார்ட்டுகளில் மென்மையான பென்சிலால் மட்டுமே எழுதலாம். பேனாவும் நிறக்கோலும் கூடாது. சேதத்துக்குக் கட்டணம் வரும். பென்சில்களை நீங்களே வாங்கி ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வைத்துவிடுவது மலிவான காப்பீடு.

9. நிகழ்ச்சி முடிந்த இரவும் அடுத்த வாரமும்

பார்ட்டுகளை யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல விடாதீர்கள். கடைசிக் கைதட்டலுக்குப் பின் ஒவ்வொரு டெஸ்க்காகப் போய்ச் சேகரித்து, வந்தபோது இருந்த பட்டியலோடு அன்றிரவே எண்ணிச் சரிபாருங்கள். ஒரு வயோலா பார்ட் குறைந்தாலும் செட் திரும்பியதாகக் கருதமாட்டார்கள், தாமதக் கட்டணம் ஓடும். பென்சில் குறிகளை அழிக்க வேண்டுமா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும்.

பிஆர்எஸ்ஸுக்கு நிகழ்ச்சியில் வாசித்த படைப்புகளின் பட்டியலும் டிக்கெட் வருவாய்க் கணக்கும் போக வேண்டும். பிரிட்டனில் வசிக்காத கலைஞருக்கு ஒரு வரி ஆண்டில் நீங்கள் கொடுப்பது தனிநபர் வரி விலக்கு எல்லையான 12,570 பவுண்டைத் தாண்டினால்தான் வரிப் பிடித்தம் என்ற கேள்வி எழும். அமெச்சூர் குழுக்கள் அந்தத் தொகையை எட்டுவதில்லை என்றாலும், பயணச் செலவையும் தங்குமிடத்தையும் சேர்த்துக் கணக்கை எழுதி வைத்திருங்கள்.

பார்ட்டுகளைப் பதிவு அஞ்சலில் அனுப்பி, வாடகை நூலகம் முழுச் செட்டும் வந்து சேர்ந்ததாக மின்னஞ்சலில் உறுதிசெய்யும்வரை ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.